தங்கவயல்: ‘சின்ன இங்கிலாந்து’க்கு அப்பால்

ஒரு நகரைக் கண்ணால் காண்பது எளிது. அதன் உள்ளத்தை அறிவது அரிது. இலண்டன் மாநகருக்குச் செல்லும் நம்மவர் பலரும் பாராளுமன்றத்து மணிக்கூண்டையும், தேம்சு நதியின்மீது அமைந்த கோபுரப் பாலத்தையும், அரண்மனை வாயிலில் காவலர் மாறும் காட்சியையும் கண்டு களித்து, நிழற்படமும் எடுத்துக்கொண்டு மீள்வர். அந்நகரின் கிழக்குப் பகுதியில், கப்பல் துறைகளை அடுத்து, மூட்டை சுமந்தும் துணி தைத்தும் வாழ்ந்த ஏழை மக்களின் தெருக்களை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. ஆயினும் இலண்டனை இலண்டனாக்கியதில் அத்தெருக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை வரலாறு கற்றோர் அறிவர்.

இதனை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அத்தகைய ஐரோப்பிய நகர் ஒன்று கடல் கடக்காமலே நம் வாயிலில் எழுந்தது. கோலார் தங்கவயலை வெள்ளையர் ‘சின்ன இங்கிலாந்து’ என்று அன்போடு அழைத்தனர். குளிர்ந்த காற்றும், தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும், பந்தாடும் திடல்களும், கிளப்பும், மாதாகோயில் மணியோசையும் அவர்களுக்குத் தாய்நாட்டை நினைவூட்டின. இன்று தங்கவயல் காண வருவோர் அந்தப் பங்களாக்களைத் தேடுகின்றனர். சயனைடு மேடுகளின்மீது ஏறி நிற்கின்றனர். கம்மசந்திரத்தில் 108 அடி உயரம் எழுந்துள்ள கோடிலிங்கத்தைத் தரிசிக்கின்றனர். 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்.’ திரைப்படங்களுக்குப் பின்னர், படத்தில் வந்த இடம் எங்கே என்று பயணச்சீட்டுச் சாளரத்தில் கேட்கும் இளைஞர் தொகையும் பெருகியுள்ளது. வரட்டும், நன்று. ஆனால் அவர்கள் காணாது செல்லும் தங்கவயல் ஒன்று உண்டு. அது நம்முடையது. அதனைப் பற்றியே இக்கட்டுரை.

அடியேன் வரலாற்றுப் பேராசிரியன் அல்லேன். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, புகைவண்டி இலாகாவில் எழுத்தராகக் காலம் கழிப்பவன். என் பாட்டனார் பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து இங்கு வந்தவர். என் தந்தையார் நிலத்தினுள் இறங்கி உழைத்தவர். சங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனச் செயலாளர் பணித்தபோது, அயலூர்ப் பெருமை பேசுவதினும் நம் கிளைப்பாதையின் பெருமை பேசுவதே தகும் எனத் துணிந்தேன்.

பெயரில் உறையும் வரலாறு

முதற்கண் நாம் வாழும் பங்காருபேட்டையையே எடுத்துக்கொள்வோம். ‘பங்காரு’ என்றால் பொன். எனவே பொன் விளையும் ஊர்க்கு அருகிலிருப்பதால் இப்பெயர் பண்டுதொட்டு வழங்குகிறது என்று பலரும் எண்ணுவர். உண்மை வேறு. இவ்வூரின் பழைய பெயர் பௌரிங்பேட்டை. 1862 முதல் 1870 வரை மைசூர் நாட்டின் ஆணையராக இருந்த லூயின் பெந்தம் பௌரிங் என்பார் பெயரால் அமைந்தது அது. பெங்களூரில் உள்ள பௌரிங் மருத்துவமனையும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வெள்ளைத் துரையின் பெயர் மக்கள் நாவில் தேய்ந்து, மண்ணின் சொல்லாகிய பொன்னோடு கலந்து, பங்காருபேட்டை ஆயிற்று.

ஊரை ஆக்கியது புகைவண்டி. சென்னையிலிருந்து மேற்கே சென்ற பெரும்பாதையில், ஜோலார்பேட்டையினின்று பிரிந்து பெங்களூர் செல்லும் கிளை 1864-இல் திறக்கப்பட்டது. அப்பாதையில் ஒரு நிலையமாகவே நம் ஊர் பிறந்தது. அந்நாளில் தங்கச் சுரங்கக் கம்பெனி எதுவும் இல்லை. பொன்னுக்காகப் புகைவண்டி வந்தது என்பார் கூற்று பொருந்தாது. புகைவண்டி வந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே பெரிய கம்பெனி வந்தது. பின்னர் 1894-இல் இங்கிருந்து மாரிக்குப்பம் வரை பத்து மைல் நீளக் கிளைப்பாதை போடப்பட்டது. 1913-இல் கோலாருக்கு இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய பாதை ஒன்றும் இங்கிருந்து கிளைத்தது. இன்று அது அகலப்பாதையாக மாறிவிட்டது. மூன்று பக்கமும் வந்து கூடும் இந்தத் தண்டவாளங்களே நம் ஊரின் ஆறுகள்.

1894-க்கு முன்னர் வந்த நம் மூதாதையரின் பயணத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ வண்டி ஏறி, ஜோலார்பேட்டையில் மாறி, குப்பத்தைக் கடந்து, பௌரிங்பேட்டையில் இறங்குவர். அதன்பின் மாட்டு வண்டி. வண்டிக்குக் காசில்லாதார்க்குக் கால்நடை. சட்டி பானையும் கைக்குழந்தையுமாகப் பத்து மைல் நடந்து சென்றனர். இன்று நாம் முப்பது நிமிடத்தில் கடக்கும் தொலைவு அது.

முதற் குறிப்பு எழுதியவர்

மாரிக்குப்பம் என்னும் பெயரைக் கேட்பார், அது சுரங்க வேலைக்கு வந்த தமிழர் இட்ட பெயர் என்று கருதுதல் இயல்பு. ஆனால் 1802-ஆம் ஆண்டிலேயே அப்பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பின்னர், மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளந்து வரையறுக்க அனுப்பப்பட்ட படையதிகாரி ஜான் வாரன் என்பவர், இப்பகுதி மண்ணில் பொன் உண்டு என்னும் பேச்சைக் கேள்வியுற்றார். பொன் கொண்டு வருவார்க்குப் பரிசு தருவதாக அறிவித்தார். சிற்றூர் மக்கள் மண் நிறைந்த வண்டியோடு வந்து, அவர் கண்முன்னரே அம்மண்ணைக் கழுவி, அடியில் தங்கிய பொற்றுகளைக் காட்டினர். மாரிக்குப்பத்தில் ஏழை உழைப்பாளர் குழிக்குள் இறங்கிக் கல் எடுத்து, இடித்துப் பொன் பிரித்ததையும் அவர் கண்டு எழுதிவைத்தார்.

இவ்விடத்தில் ஒன்று கருதத்தக்கது. ‘வெள்ளையர் தங்கத்தைக் கண்டுபிடித்தனர்’ என்று பாடநூல்கள் கூறும். பொன்னைக் கண்டவர், குழி தோண்டத் தெரிந்தவர், கழுவிப் பிரிக்கத் தெரிந்தவர் இம்மண்ணின் எளிய மக்களே. வாரன் கண்டது அவர்களை. அவர்க்கும் நெடுங்காலம் முன்னரே இங்கு சுரங்கத் தொழில் நடந்தது என்பதற்கு, பிற்காலத்துச் சுரங்கக்காரர் எதிர்ப்பட்ட பழங்குழிகளே சான்றாக நின்றன.

இந்த ஜான் வாரனைப் பற்றி நம்மவர் அறியாத சுவையான செய்தி ஒன்றுண்டு. அவர் பிரெஞ்சுக் குடும்பத்தில் தோன்றி ஆங்கிலப் படையில் பணிபுரிந்தவர். தங்கவயலை விட்டுச் சென்ற பின்னர், 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வு நிலையத்தைக் கவனித்து வந்தார். பின்னர்த் தென்னாட்டார் காலம் கணிக்கும் முறைகளை ஆராய்ந்து ‘கால சங்கலிதம்’ என்னும் பெருநூலை 1825-இல் வெளியிட்டார். புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி அந்நூலில் எழுதியுள்ளார். அப்பெரியவர் தாளும் கோலும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளின் துணைகொண்டே, அவ்வாண்டு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தை அவர் கணித்ததில் வேறுபாடு நான்கு நிமிடமே என்று பிற்கால அறிஞர் கண்டனர். மாரிக்குப்பத்துக் குழியில் இறங்கியவரையும், புதுச்சேரித் தரையில் சோழி பரப்பியவரையும் ஒரே மனிதர் கண்டு எழுதினார். இருவர் பெயரையும் உலகம் அறியாது; எழுதியவர் பெயரை மட்டும் அறியும்.

கம்பெனிகள் வந்த கதை

வாரனின் குறிப்பு எழுபது ஆண்டுகள் உறங்கிற்று. பெங்களூரில் வாழ்ந்த மைக்கேல் பிட்ஸ்ஜெரால்டு லவேல் என்னும் ஓய்வுபெற்ற அயர்லாந்துப் படைவீரர் அதனைப் படித்தார். நியூசிலாந்துப் போரிலிருந்து மீண்டவர் அவர். மைசூர் அரசிடம் விண்ணப்பித்து 1875-இல் உரிமம் பெற்றார். பொருள் போதாமையால் அவ்வுரிமை பிறர் கைக்கு மாறியது. 1880-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி பொறுப்பேற்றது. முதலில் கைமுதல் கரைந்தது. பங்குதாரர் மனம் தளர்ந்தனர். கடைசி முயற்சியாகத் தோண்டியபோது பழங்காலத்துக் குழிகளின் அடியில் செழும்பொன் படிவு அகப்பட்டது. அதற்குச் சாம்பியன் படிவு என்று பெயரிட்டனர். அதன்பின் மைசூர், சாம்பியன் ரீப், உரிகாம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் தழைத்தன. பழங்குழி காட்டிய வழியிலேயே புதுச்சுரங்கம் சென்றது என்பதை மறத்தலாகாது.

தொழில் தெரிந்த மேலாட்களாக இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சுரங்கக்காரர் வந்தனர். உடலுழைப்புக்கு வடஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். அவருள் பெரும்பாலோர் தமிழர். தமிழருள்ளும் ஊரில் நிலமின்றி, கிணற்றில் நீரெடுக்கும் உரிமையுமின்றி வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி. பஞ்சம் ஒருபுறம், சாதிக் கொடுமை ஒருபுறம் துரத்த, ‘கூலி காசாகக் கிடைக்கும்’ என்ற ஒரே சொல்லை நம்பி வந்தனர். அவர்தம் அவலத்தையும் ஆசையையும் 2024-இல் வெளிவந்த ‘தங்கலான்’ திரைப்படம் கற்பனை கலந்து காட்டியது.

பங்களாக்களைக் காணச் செல்வோர் அவற்றுக்கு அரை மைல் அப்பால் உள்ள கூலி லைன்களையும் காணல் வேண்டும். தொடக்கத்தில் மூங்கில் தட்டிகளால் கட்டிய சிறு குடிசைகளே தொழிலாளரின் இல்லங்கள். காற்றுக்கு ஒரு திறப்பு, புகைக்கு அதே திறப்பு. மழை வந்தால் ஒழுகும். தீ பிடித்தால் வரிசை முழுதும் போகும். பிற்காலத்தில் அரசு நிருவாகத்தில் கல் வீடுகள் எழுந்தபோதும், இடம் குறுகியதே. அக்குறுகிய இடத்தில்தான் பிள்ளைகள் படித்தனர். பஜனைக் குழுக்கள் பாடின. நாடகங்கள் ஒத்திகை நடந்தன. பங்களாவில் வாழ்ந்தார் ஊருக்குத் திரும்பினர். லைனில் வாழ்ந்தார்க்கு அதுவே ஊராயிற்று.

கிளைப்பாதையில் ஒரு பயணம்

பங்காருபேட்டையில் வண்டி ஏறி, மாரிக்குப்பம் வரை வருமாறு அன்பர்களை அழைக்கின்றேன். இடையில் கோரமண்டல், உரிகாம், சாம்பியன் என்னும் நிலையங்கள் வரும். ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

கோரமண்டலைக் கடக்கும்போதே சயனைடு மேடுகள் கண்ணில் படும். தூரத்தில் மலைபோல் தோன்றும் அவை, உண்மையில் மனிதர் கட்டிய மலைகள். நிலத்தடியிலிருந்து எடுத்த கல்லை இயந்திர உலக்கைகளால் மாவாக இடித்து, பாதரசம் பூசிய தகட்டின்மீது ஓடவிட்டுப் பொன்னைப் பிடித்தனர். தகட்டில் ஒட்டாது தப்பிய நுண்பொன்னைச் சயனைடு கலந்த நீரில் கரைத்து மீட்டனர். 1887-இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்ட முறை அது. பொன் போக எஞ்சிய மணலே இம்மேடுகள். நூற்றிருபது ஆண்டுகளில் சற்றேறக்குறைய 800 டன் பொன் இங்கிருந்து எடுக்கப்பட்டது. பொன் சென்றது, மணல் நின்றது. காற்று வீசும் காலத்தில் அம்மணல் எழுந்து பறந்து, சோற்றிலும் கண்ணிலும் விழுவதை இங்குள்ள தாய்மார் நன்கறிவர். மேட்டின்மீது நின்று படம் எடுப்போர், கீழே வீட்டுக் கதவை அடைத்துக்கொள்ளும் அத்தாயையும் நினைத்தல் நலம்.

உரிகாமில் இறங்கினால் மின்சாரத்தின் கதை கிடைக்கும். காவிரி விழும் சிவசமுத்திரத்தில் மின்னாற்றல் எடுத்து, 92 மைல் தொலைவு கம்பி இழுத்து, 1902-ஆம் ஆண்டு சூன் திங்களில் தங்கவயலுக்குக் கொடுத்தனர். அந்நாளில் ஆசியக் கண்டத்தில் அத்துணை நீண்ட மின்பாதை வேறில்லை. பெங்களூர் நகரம் மின்விளக்குக் கண்டது 1905-இல். அதற்கு மூன்றாண்டு முன்னரே தங்கவயல் சுரங்கங்களில் மின்சாரம் ஓடியது. நாம் ‘தாய் வீடு’ என்று போற்றும் காவிரியின் வேகமே இச்சுரங்கத்தின் பொறிகளைச் சுழற்றிற்று என்பது எத்துணை இனிய செய்தி!

சாம்பியன் நிலையத்தில் நின்று பார்த்தால் சுரங்கத் தூக்குக் கோபுரங்கள் தெரியும். அவற்றின் அடியில் பத்தாயிரம் அடிக்கும் மேற்பட்ட ஆழம். அவ்வாழத்தில் பாறையே சுடும். அதன் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைக் கடந்தது. சங்கு ஊதியதும் பித்தளைச் சீட்டைக் கொடுத்துக் கூண்டில் இறங்குவர். முறை முடிந்து ஏறி வரும்போது உடலைச் சோதித்து அனுப்புவர். பாறை தன் பாரம் தாங்காது திடீரென வெடித்துச் சிதறும். நிலத்தின்மேல் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். பாத்திரம் அதிர்ந்த ஒவ்வொரு முறையும், அந்த முறைக்குச் சென்றவர் வீட்டுப் பெண்டிர் சுரங்க வாயிலுக்கு ஓடுவர். கல்தூசு நுரையீரலில் படிந்து வரும் நோய், வெடிப்புக்குத் தப்பினாரையும் விடவில்லை. என் தந்தையாரின் பித்தளைச் சீட்டு இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ளது. அதில் எண் உண்டு, பெயர் இல்லை.

இதே சாம்பியன் ரீப் சுரங்கம் உலக விஞ்ஞானத்தில் இடம் பெற்றதையும் அறிதல் வேண்டும். விண்வெளியிலிருந்து பொழியும் கதிர்களை மேலுள்ள பாறை தடுத்துவிடும்; நியூட்ரினோ என்னும் நுண்துகளை மட்டும் தடுக்க இயலாது. எனவே அதனைப் பிடிக்க ஆழ்ந்த சுரங்கமே ஏற்ற இடம். பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து இங்கு கருவிகளை நிறுவினர். காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவை 1965-இல் கண்டறிந்தனர். அவ்வாண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இதே வெற்றி கிட்டியது. அவ்விரண்டுமே உலகில் முதலாவன. நம் தொழிலாளர் வெட்டிய இருளிலே உலகம் ஒரு புதிய ஒளியைக் கண்டது.

எழுத்தும் போராட்டமும்

கடைசி நிலையம் மாரிக்குப்பம். இதற்கு மேல் தண்டவாளம் இல்லை. ஆனால் தமிழரின் அறிவு வரலாறு இங்கிருந்து ஒரு புதிய பாதை கண்டது. பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ், சாதிப் பெருமையைத் தகர்த்து, பௌத்த நெறியையும் பகுத்தறிவையும் பரப்பியது. அவ்விதழுக்கும் அவர் கண்ட சாக்கிய பௌத்த சங்கத்துக்கும் சென்னைக்கு அடுத்த பேராதரவு தந்த இடம் இத்தங்கவயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் சங்கக் கிளைகள் வேரூன்றின. பண்டிதர் 1914-இல் மறைந்தார். அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் 1926-இல் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது; அதன் ஆசிரியர் இங்கு வாழ்ந்த பண்டிதர் ஜி. அப்பாதுரையார். அயோத்திதாசரின் நூல்களை இங்குள்ள சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது.

நிலத்தடியில் பகலெல்லாம் கல் உடைத்தவர், மாலையில் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் ஒருவர் படிக்கப் பலர் கேட்க, இதழ் வாசித்தனர். கூலியில் மீத்த காசை அச்சுக்கூடத்திற்குக் கொடுத்தனர். பெருநகரப் புலவர் பலர் கைவிட்ட எழுத்துகளைக் கூலி லைன் காத்தது. பிற்காலத்தில் அறிஞர்கள் அயோத்திதாசரைத் தேடி ஆராயப் புகுந்தபோது, இம்மக்கள் காத்து வைத்த ஏடுகள் பெருந்துணை புரிந்தன. பங்களாவின் அழகினும் இஃது உயர்ந்த காட்சியன்றோ?

படித்த மக்கள் அடங்கி இரார். 1930-இல் தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டபோது, தம்மைக் குற்றவாளிகளாக நடத்துவதாகக் கொதித்தெழுந்து வேலைநிறுத்தம் செய்தனர். 1946 நவம்பரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். கம்பெனிகளிடமிருந்து மைசூர் அரசு 1956-இல் சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் மத்திய அரசு ஏற்றது. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்திற்று. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றின் பின்னும் தொழிலாளரின் நீண்ட கோரிக்கைக் குரல் இருந்தது.

குவளாலபுரமும் பாலாறும்

‘தமிழர் இங்கு நேற்று வந்தவர்’ என்று சிலர் கூறுவதுண்டு. ‘இது தமிழர் மண்ணே’ என்று வேறு சிலர் மிகுத்துரைப்பதும் உண்டு. இரண்டும் வரலாறு அன்று. கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம். அது கங்க மன்னரின் தலைநகராக விளங்கியது. சோழர் கி.பி. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியை வென்று, நிகரிலி சோழமண்டலம் எனப் பெயரிட்டனர். கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். அதே வட்டாரத்தில் கன்னடக் கல்வெட்டுகளும் ஏராளம். இரு மொழியும் ஒரே கல்லுக்கு அண்டை வீட்டார்.

இன்னுமொரு தொடர்பு உண்டு. பள்ளியில் நாம் பயின்ற நன்னூலைப் பவணந்தி முனிவர் இயற்றியது சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டியதால். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவனாகிய அச்சீயகங்கன், கல்வெட்டுகளில் தன்னைக் ‘குவளாலபுர பரமேசுவரன்’ என்றும் கங்கர் குலத்தோன்றல் என்றும் கூறிக்கொள்கிறான். கோலாரைத் தன் முன்னோர் நகராகப் போற்றிய கங்கன் ஒருவன் தமிழுக்கு இலக்கணம் செய்வித்தான். நம் பிள்ளைகள் நன்னூற் சூத்திரத்தை ஒப்பிக்கும்போது இதனை எடுத்துச் சொன்னால், இலக்கணமும் இனிக்கும்.

பங்காருபேட்டைக்கு அருகே பூதிக்கோட்டை என்னும் ஊர் உள்ளது. விபூதியால் பெயர் பெற்ற அக்கோட்டையே ஐதர் அலி பிறந்த இடம். வெள்ளையரை நடுங்கவைத்து, சென்னை வாயில் வரை படை நடத்திய வீரனின் பிறப்பிடம் நம் அண்டையில் இருப்பதை நம்முள் எத்தனை பேர் அறிவர்?

பண்டு விஜயாதித்தமங்கலம் என வழங்கிய பேத்தமங்கலத்தில் பாலாற்றின் குறுக்கே அமைந்த ஏரி உண்டு. தங்கவயலின் குடிநீர் அங்கிருந்து வந்தது. நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு கோலார் மாவட்டத்தைக் கடந்து, ஆந்திரத்தில் சிறிது ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியே தமிழ்நாட்டை அடைகிறது. நம் மூதாதையர் எந்த ஆற்றின் கரையை வறட்சியால் விட்டு வந்தனரோ, அதே ஆற்றின் மேல்நீரைத்தான் இங்கு வந்து அருந்தினர். ஆறு கீழ்நோக்கிச் செல்ல, மக்கள் மேல்நோக்கி வந்தனர். ஊர் மாறியது, ஆறு மாறவில்லை.

இன்றைய நிலையும் நம் கடனும்

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பின்னும் ஊர் மாளவில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டிகள், ஆயிரக்கணக்கான ஆடவர் பெண்டிரைப் பெங்களூருக்குச் சுமந்து செல்கின்றன. பாட்டன் கூண்டில் இறங்கினான். பேரன் வண்டியில் ஏறுகிறான். இரவு திரும்பும்போது பெட்டியில் அமர்ந்தவாறே உறங்கும் அவர்களைக் காணுங்கால், சுரங்க முறை இன்னும் முடியவில்லையோ என்று தோன்றும். சிலர் பெங்களூரிலேயே தங்கிவிட்டனர். சிலர் கடல் கடந்தனர். லைன் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன, சில இடிந்துவிட்டன. சுரங்கத்தில் இறங்கிய தலைமுறையின் முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். அவர்களோடு பாடல்களும், பழமொழிகளும், ஷாப்டுகளின் பெயர்களும், எந்த ஊரிலிருந்து யார் வந்தனர் என்னும் செய்திகளும் மறைகின்றன.

பங்களாவைக் காக்க ஆள் உண்டு. படமெடுக்க ஆள் உண்டு. லைன் வீட்டின் வரலாற்றைக் காக்க நம்மையன்றி வேறு யார் உளர்? எனவே நம் சங்கத்திற்குச் சில பணிகளைத் தாழ்மையோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் உறங்கும் பித்தளைச் சீட்டு, சம்பளத் தாள், பழைய நிழற்படம், நாடக நோட்டீசு, ‘தமிழன்’ இதழின் கிழிந்த ஏடு ஆகியவற்றைக் கேட்டுப் பெற்று, சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரியில் பெயரோடு வைத்தல். அரும்பொருட்காட்சிச் சாலை அமைக்கப் பெரும்பொருள் வேண்டும். அலமாரிக்கு வேண்டுவது மனம் ஒன்றே.

இரண்டாவது, முதியோரிடம் சென்று அவர் சொல்வதைப் பதிவு செய்தல். இன்று கைப்பேசியிலேயே குரலைப் பிடிக்கலாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையே இதற்கு அனுப்பலாம். பேரன் கேட்டால் பாட்டன் சொல்லாதிரார்.

மூன்றாவது, ஆண்டுக்கொரு நாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாரிக்குப்பம் வரை வண்டியில் சென்று, ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, அவ்விடத்துக் கதையைச் சொல்லுதல். மற்றொரு நாள் கோலாரம்மன் கோயிலுக்கும் பூதிக்கோட்டைக்கும் செல்லுதல். கன்னட நண்பர்களையும் உடன் அழைத்தல் வேண்டும். இம்மண் அவர்களுக்குத் தாய். நமக்கு வளர்த்த தாய். வளர்த்த தாயின் மக்களோடு வழக்கிட்டு வாழ்தல் அறிவுடைமை ஆகாது. கல்வெட்டில் அண்டையராக வாழ்ந்த மொழிகள், தெருவிலும் அவ்வாறே வாழக் கடவன.

‘சின்ன இங்கிலாந்து’ என்னும் பெயரை வைத்தவர் சென்றுவிட்டனர். அப்பெயரைச் சொல்லி வருகின்ற விருந்தினரை நாம் மனமுவந்து வரவேற்போம்; பங்களாவையும் காட்டுவோம்; மேட்டையும் காட்டுவோம். பின்னர் அவர் கையைப் பற்றி, ‘ஐயா, வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இந்த லைனுக்குள்ளும் ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்’ என்று அழைப்போம். அங்கு அவருக்குக் காட்ட நம்மிடம் ஓர் அலமாரியும், சொல்ல ஒரு வரலாறும் இருக்குமாறு இவ்வாண்டே தொடங்குவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!